பத்து நாய்கள், ஓர் உதவியாளர், எட்டு வாரங்கள்: இன்சுலின் ஆய்வு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த விதம்

1920-ஆம் ஆண்டு நவம்பர் முற்பகுதியில், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஜே. ஜே. ஆர். மெக்ளவுட்டின் அறைக்கு, இருபத்தொன்பது வயதை இன்னும் எட்டாத அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார். பிரெடரிக் பேண்டிங் என்ற அவரிடம் ஆய்வுப் பட்டம் எதுவும் இல்லை. தாம் பேச வந்த நீரிழிவுத் துறையில் ஒரு கட்டுரைகூட அவர் எழுதியதில்லை; அத்துறையில் எழுதப்பட்டவற்றையும் பெரும்பாலும் படித்திருக்கவில்லை. மெக்ளவுட்டோ மாவுச்சத்து வளர்சிதை மாற்றத்தில் பல ஆண்டுகள் உழைத்து, அதைப் பற்றி நூல் எழுதிப் பெயர் பெற்றவர். வந்தவரின் அறிவு பாடப்புத்தகத்தில் கிடைக்கும் மேலோட்டமான அறிவாகவே தமக்குத் தோன்றியது என்று அவர் பின்னர் எழுதி வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையில் இருந்த கடிதங்களைப் பேராசிரியர் புரட்டத் தொடங்கினார் என்பது பேண்டிங் தரப்பின் நினைவு.

அந்தச் சந்திப்பிலிருந்து பதினான்கு மாதங்களில் மனித உடலில் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. நம் பொது அறிவு வினா விடைகளில் இந்த வரலாறு ‘பேண்டிங், பெஸ்ட்’ என்ற இரு பெயர்களோடு முடிந்துவிடுகிறது. உயிர்மருத்துவ ஆய்வில் கால் வைக்க விரும்பும் ஒருவர், எந்தக் கதவைத் தட்டுவது, எதைக் கேட்பது, பல்கலைக்கழகம் உண்மையில் எதைத் தர முடியும் என்று யோசிக்கும்போது, இந்தப் பதினான்கு மாதங்களை நாள் நாளாகப் பார்ப்பது பயன் தரும். பேண்டிங் கொண்டுவந்த யோசனை தவறானது என்பதும் அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.

யோசனையும் அதன் வயதும்

முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமடைந்து, வீரப்பதக்கம் பெற்றுத் திரும்பிய பேண்டிங், டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் எலும்பு அறுவையில் பயிற்சி பெற்றார். அங்கே நிரந்தர இடம் கிடைக்காததால், 1920 ஜூலையில் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் சொந்தமாகக் கிளினிக் திறந்தார். முதல் மாத வருமானம் 4 டாலர். வயிற்றுப்பாட்டுக்காக உள்ளூர் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரச் செய்முறை ஆசிரியராகச் சேர்ந்தார். அக்டோபர் 30 இரவு, மாணவர்களுக்கு மாவுச்சத்து வளர்சிதை மாற்றம் பற்றி வகுப்பெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் மோசஸ் பாரன் (Barron) என்பவர் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. கணைய நாளத்தைக் கல் அடைத்துக்கொண்ட ஒரு நோயாளியின் உடலில், செரிமானச் சாறு சுரக்கும் திசுக்கள் சுருங்கிப் போயிருக்க, கணையத்துக்குள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களான லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மட்டும் பெரும்பாலும் கெடாமல் இருந்தன என்பது அக்கட்டுரையின் செய்தி. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த பேண்டிங், அதிகாலை இரண்டு மணியளவில் எழுந்து குறிப்பேட்டில் சில வரிகள் எழுதினார்: நாயின் கணைய நாளங்களைக் கட்டு, திசு சிதைந்து திட்டுகள் மட்டும் எஞ்சும்வரை நாயை உயிரோடு வைத்திரு, அவற்றின் உட்சுரப்பைப் பிரித்தெடுத்துச் சிறுநீரில் சர்க்கரை போவதை நிறுத்தப் பார். நீரிழிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அக்குறிப்பில் அவர் எழுத்துப்பிழையோடுதான் எழுதியிருந்தார்.

யோசனையின் அடிப்படை எளியது. கணையத்தை அப்படியே அரைத்தால், அதிலுள்ள செரிமான நொதிகள் நாம் தேடும் உட்சுரப்பைத் தின்றுவிடும். ஆகவே நொதி சுரக்கும் பகுதியை முன்கூட்டியே சாகவிட வேண்டும். ஆனால் இந்தப் பாதையில் பலர் முன்பே நடந்திருந்தார்கள். கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வரும் என்று மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1889-இலேயே காட்டிவிட்டார்கள். பெர்லினில் சூல்ட்சர் கணையச் சாற்றை நோயாளிகளுக்கே செலுத்தி, பக்கவிளைவுகளால் கைவிட்டிருந்தார். சிகாகோவில் மாணவராக இருந்த ஸ்காட் ஆல்கஹாலால் சாறு எடுத்துப் பார்த்திருந்தார். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இஸ்ரேல் கிளைனர் 1919-இல் வெளியிட்ட முடிவுகள் வெற்றிக்கு மிக அருகில் நின்றவை. ருமேனியாவின் புகாரெஸ்டில் நிக்கோலே பாலெஸ்கு அதே 1921-இல் தம் முடிவுகளை அச்சேற்றினார்.

இவற்றையெல்லாம் முன்பே படித்திருந்தால் பேண்டிங் தொடங்கியிருக்கவே மாட்டார், அறியாமைதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும், இந்தக் கூற்றை நான் முழுதாக ஏற்கவில்லை. படிக்காததற்கான விலையையும் அவர் பின்னால் கொடுத்தார். 1922 பிப்ரவரியில் வெளியான அவருடைய முதல் கட்டுரை பாலெஸ்குவின் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு, அது பயன் தரவில்லை என்ற பொருளில் குறிப்பிட்டது. அந்தப் பிழைக்காக, அவருடைய ஆய்வு உதவியாளராக இருந்த சார்லஸ் பெஸ்ட் பல பத்தாண்டுகள் கழித்து வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

கேட்டதும் கிடைத்ததும்

பேண்டிங் முதலில் அணுகியது மெக்ளவுட்டை அல்ல. வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் மில்லரிடம் யோசனையைச் சொன்னார். தம் இடத்தில் இதற்கான வசதி இல்லை என்று கண்ட மில்லர், அண்டையில் இத்துறை தெரிந்தவர் டொராண்டோவில் இருக்கிறார் என்று வழிகாட்டினார். இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. தம்மால் முடியாததை முடியாது என்று ஒப்புக்கொண்டு சரியான ஆளைச் சுட்டிய ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு குறிப்பேட்டிலேயே கிடந்திருக்கும்.

மெக்ளவுட் ஏன் சம்மதித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. யோசனை வெல்லும் என்று அவர் நம்பவில்லை. நாளம் கட்டிச் சிதைந்த கணையத்திலிருந்து எடுத்த சாற்றை யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை. சோதித்து எதிர்மறை முடிவு வந்தாலும் அது உடலியங்கியலுக்குப் பயனுள்ளதே என்று கணக்கிட்டார். எதிரே இருப்பவர் கைப்பழக்கம் உள்ள அறுவை மருத்துவர் என்பதும் ஒரு காரணம், ஏனெனில் நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றி, அதை உயிரோடு வைத்திருப்பது சாதாரண உடலியங்கியலாளருக்குச் சிரமமான வேலை. இன்று ஆய்வு முன்மொழிவு எழுதும் மாணவர்கள், தம் கருதுகோள் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று பக்கம் வாதாடுவதற்குப் பதிலாக, அது பொய்த்தாலும் என்ன தெரியவரும் என்று மூன்று வரி எழுதினால், பல வழிகாட்டிகளின் மனம் இளகும் என்பது என் கணிப்பு.

உடனே வேலை தொடங்கவில்லை. கிளினிக்கை விட்டுவிட்டு வராதே என்று அவருடைய பழைய ஆசிரியரான அறுவை மருத்துவர் ஸ்டார் அறிவுரை சொல்ல, பேண்டிங் அந்தக் குளிர்காலத்தை லண்டனிலேயே கழித்தார். வடமேற்கே எண்ணெய் தேடிச் செல்லும் குழுவில் மருத்துவராகப் போய்விடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தார். 1921 மார்ச்சில் மெக்ளவுட்டுக்கு மீண்டும் எழுதினார். தாம் கேட்டது பத்து நாய்கள், ஓர் உதவியாளர், எட்டு வார காலம் என்று பின்னாளில் அவர் சொன்னார். கோரிக்கை சிறியதாகவும் எண்ணிச் சொல்லக்கூடியதாகவும் முடிவுத் தேதியோடும் இருந்தது. அதில் சம்பளம் என்ற சொல் இல்லை. கோடை முழுவதும் அவர் தம் கைக்காசில்தான் வாழ்ந்தார்.

மருத்துவக் கட்டடத்தின் மேல்தளம்

மே 17 அன்று வேலை தொடங்கியது. உதவியாளராக இரண்டு மாணவர்களை மெக்ளவுட் ஒதுக்கியிருந்தார்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று இருவரும் காசு சுண்டிப் பார்த்தார்கள், பெஸ்ட் முந்தினார். பிறகு முறை மாற்றிக்கொள்ளவே இல்லை. இருபத்திரண்டு வயதான பெஸ்ட் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் படித்து அப்போதுதான் பட்டம் முடித்தவர். இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளக்கப் பழகியவர். பேண்டிங்குக்குத் தெரியாத வேலை அதுவே. சிறிதளவு இரத்தத்திலேயே சர்க்கரையை அளக்கும் முறை அந்தச் சில ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. முன்னோடிகளில் பலர் சிறுநீர்ச் சர்க்கரையையே நம்ப வேண்டியிருந்த நிலையில், ஒரே நாயிடம் ஒரு நாளில் பலமுறை இரத்தம் எடுத்து அளக்க இவர்களால் முடிந்தது. பல்கலைக்கழகம் தந்த உதவிகளில் நாய்களைவிட இந்த அளவீட்டுத் திறனே பெரிது என்று நான் கருதுகிறேன்.

முதல் அறுவையில் மெக்ளவுட்டே உடன் நின்று செய்முறையைக் காட்டினார். ஜூன் நடுவில் ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டுப் போனார். அதற்குப் பின் கோடை வெயிலில், காற்றோட்டம் குறைந்த மேல்தள அறையில் நடந்தவை பெரும்பாலும் தோல்விகள். தொடக்க வாரங்களிலேயே பத்து நாய்களில் ஏழு இறந்துவிட்டன. மேற்கொண்டு நாய்களைத் தெருவில் ஒன்றிரண்டு டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஜூலையில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பல நாய்களில் நாளத்தைக் கட்டிய நூல் பிடிப்பிழந்து, கணையம் சிதையாமலே இருந்தது தெரிந்தது. மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு வாக்கியமாக முடிந்துபோகும் இதுபோன்ற செய்திகள், களத்தில் ஏழு வாரங்களை விழுங்கியவை.

ஜூலை இறுதியில் முதன்முறையாகச் சாறு தயாரானது. சுருங்கிப்போன கணையத்தைத் துண்டுகளாக்கி, குளிர்ந்த உப்புக்கரைசல் நிரம்பிய கல்வத்தில் போட்டு, பாதி உறையும்வரை பனிக்கலவையில் வைத்து, மணல் சேர்த்து அரைத்து, தாளில் வடிகட்டி, உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து சிரையில் செலுத்தினார்கள். ஜூலை 30 காலையில் 410 என்ற எண்ணிட்ட நாய்க்கு அந்தச் சாற்றில் 4 மில்லிலிட்டர் போடப்பட்டது. நாம் இன்று சொல்லும் கணக்கில் 200 ஆக இருந்த இரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 120-க்கு வந்தது. அந்த நாய் நீண்ட காலம் பிழைக்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் மற்ற நாய்களிலும் அதே இறக்கம் மீண்டும் மீண்டும் தென்பட்டது.

ஒரு கடிதமும் ஒரு சண்டையும்

மகிழ்ச்சியோடு பேண்டிங் ஸ்காட்லாந்துக்கு எழுதினார். மெக்ளவுட்டிடமிருந்து ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில் வந்த பதில், நல்ல வழிகாட்டியின் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு. முடிவு ஊக்கம் தருகிறது என்று பாராட்டிவிட்டு, கிளைனர் உள்ளிட்டோர் இதையொத்த முடிவுகளை வெளியிட்டும் தம் சான்றுகள் போதுமானவை என்று பிறரை ஏற்கச் செய்ய முடியவில்லை என்பதை நினைவூட்டினார். அறிவியலில் ஒருவர் தம்மைத் தாமே திருப்திப்படுத்திக்கொள்வது எளிது, பிறர் இடிக்க முடியாத சான்றுக் கோட்டையைக் கட்டுவதுதான் கடினம் என்ற பொருளில் எழுதி, மேலும் என்னென்ன ஒப்பீட்டுச் சோதனைகள் தேவை என்று கேட்டார்.

பேண்டிங்குக்கு இந்த எச்சரிக்கை அவநம்பிக்கையாகப் பட்டது. செப்டம்பரில் மெக்ளவுட் திரும்பியதும், தமக்குச் சம்பளம், தனி அறை, நாய்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அறுவை அறைத் தரையைச் செப்பனிடுதல் ஆகியவற்றைக் கேட்டார். தராவிட்டால் வேறிடம் போவதாகவும் சொன்னார். உங்களுக்குத் தருவது மற்ற ஆய்வுகளின் பங்கிலிருந்துதான் வர வேண்டும் என்று பேராசிரியர் தயங்க, பேச்சு தடித்தது. கடைசியில் கோடைக்கால வேலைக்கும் பின்தேதியிட்டு ஊதியம் கிடைத்தது. பேண்டிங்குக்கோ மருந்தியல் பேராசிரியர் ஹென்டர்சன் தம் துறையில் மாதம் 250 டாலரில் ஒரு பணியிடத்தை உருவாக்கித் தந்தார். ஒரு துறையின் கதவு அடைபட்டபோது அதே வளாகத்தின் வேறொரு துறைப் பணம் ஆய்வைத் தாங்கிப் பிடித்தது. இதில் இரு பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. துறைத் தலைவர் எல்லோருக்குமான கணக்கைப் பார்க்க வேண்டியவர்; சம்பளமில்லாமல் நான்கு மாதம் உழைத்தவருக்குத் தரையைச் செப்பனிடும் செலவு கண்ணில் படாது.

வேதியியலாளர் வருகை

நாளம் கட்டி ஏழு வாரம் காத்திருக்கும் முறை வேலையை மிகவும் தாமதப்படுத்தியது. நவம்பரில், கருவிலிருக்கும் கன்றின் கணையத்தில் செரிமான நொதி குறைவாக இருக்கும் என்ற எண்ணம் பேண்டிங்குக்குத் தோன்ற, இறைச்சிக்கூடத்திலிருந்து அதை வாங்கி வந்து சாறெடுத்தார்கள். டிசம்பரில் ஆல்கஹாலைக் கொண்டு வளர்ந்த மாட்டின் முழுக் கணையத்திலிருந்தே வீரியமுள்ள சாறு எடுக்க முடிந்தது. அன்றோடு அக்டோபர் இரவின் யோசனைக்கு வேலை இல்லாமல் போயிற்று. புதிய கணையத்தில் அந்த நொதி செயலற்ற நிலையில்தான் இருக்கிறது. நாளத்தைக் கட்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. 1922 டிசம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்கன் ராபர்ட்ஸ் இதை அச்சிலேயே எடுத்துக் காட்டி, சோதனையின் கருத்தும் நடத்தையும் தவறு என்று கடுமையாக விமர்சித்தார்.

சாறு இருந்தது, தூய்மை இல்லை. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் வந்து டொராண்டோவில் தங்கியிருந்த உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப், டிசம்பர் நடுவில் குழுவில் சேர்க்கப்பட்டார். இரு கைகளால் இழுத்த வண்டியை இப்போது நான்கு கைகள் இழுத்தன; ஆனால் ஒரே திசையில் அல்ல. டிசம்பர் 30 அன்று நியூ ஹேவனில் நடந்த அமெரிக்க உடலியங்கியல் கழகக் கூட்டத்தில் பேண்டிங் பதற்றத்தில் சரியாகப் பேசவில்லை. மெக்ளவுட் இடையில் எழுந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அது உதவியா, பறிப்பா என்ற சந்தேகம் பேண்டிங்கின் மனத்தில் அன்று விழுந்தது.

காலிப்பின் சாற்றுக்கு முன் தங்கள் சாறே மனிதரிடம் சோதிக்கப்பட வேண்டும் என்று பேண்டிங் வற்புறுத்த, 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில், சுமார் 29 கிலோ எடைக்கு மெலிந்திருந்த பதினான்கு வயது லியோனார்ட் தாம்சனுக்குப் பெஸ்ட் தயாரித்த சாறு செலுத்தப்பட்டது. இரத்தச் சர்க்கரை 440-இலிருந்து 320-க்கு இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது, மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். முந்திக்கொள்ளும் அவசரத்தில் செய்யப்பட்ட இந்தச் சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்திடாது. நோயாளிக்குப் போடுமுன் தங்களுக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டதுதான் அன்றைய பாதுகாப்புச் சோதனை. இதற்கிடையில் காலிப், ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மாசுகள் வெளியேறிவிட, 90 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வேண்டிய பொருளே படிவாக இறங்குகிறது என்று கண்டார். ஜனவரி 23 அன்று அந்தச் சாறு அதே சிறுவனுக்குச் செலுத்தப்பட்டபோது, 520 ஆக இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120 ஆனது.

காலிப் தம் முறையைச் சொல்ல மறுத்தார். தனியே காப்புரிமை வாங்கிவிடுவாரோ என்ற அச்சம் எழுந்தது. பேண்டிங் அவர்மேல் கைவைக்கும் அளவுக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் ஆதரவு மிகத் தெளிவாகத் தெரிவது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கானாட் ஆய்வகங்களின் இயக்குநர் ஃபிட்ஸ்ஜெரால்டு முன்னிற்க, ஜனவரி 25 தேதியிட்ட ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கூட்டாக வேலை செய்யும் காலத்தில் நால்வரில் யாரும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது, வெளி நிறுவனத்தோடு வணிக உறவு வைக்கக் கூடாது, கொள்கை மாற்றம் எதுவும் கூட்டாகப் பேசியே முடிவாக வேண்டும் என்பது அதன் சாரம்.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரிய அளவில் தயாரிக்கப் போனபோது வசந்த காலத்தில் சாறு வீரியமிழந்து, மறுபடியும் முறையைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ‘இன்சுலின்’ என்ற பெயர் மே 3 அன்று வாஷிங்டனில் மெக்ளவுட் படித்த கட்டுரையில் பொதுவெளிக்கு வந்தது. பேண்டிங்கும் பெஸ்ட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதே மாத இறுதியில் அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லியோடு (Eli Lilly) தயாரிப்பு ஒப்பந்தம் ஏற்பட்டது. வேறு யாரும் முற்றுரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகவே பெறப்பட்ட காப்புரிமையை, பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலா 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1923-இன் நோபல் பரிசு பேண்டிங், மெக்ளவுட் இருவருக்கு அறிவிக்கப்பட, பேண்டிங் தம் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்கும், மெக்ளவுட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

யார் எதைச் செய்தார் என்ற பூசல் 1922 செப்டம்பரிலேயே முற்றியிருந்தது. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவைச் சேர்ந்த ஆல்பர்ட் குடர்ஹாம், பேண்டிங், பெஸ்ட், மெக்ளவுட் மூவரையும் தனித்தனியே நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவற்றை ஒப்பிட்டு ஒரு பொது உடன்பாட்டுக்கு வருவது அவர் நோக்கம். மூவரும் எழுதிக் கொடுத்தார்கள், உடன்பாடு ஏற்படவில்லை. பேண்டிங்கோடு ஒரே வளாகத்தில் மேலும் சில ஆண்டுகள் கழித்த மெக்ளவுட், 1928-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குத் திரும்பி, அங்கேயே 1935-இல் காலமானார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை முதன்முதலாக அச்சானது 1978-இல்.